‘சூப்பர் மச்சான்’ போதாது: மிக்ஸ் கேட்டுக் கருத்துச் சொல்வதும் வாங்குவதும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பெடியன் தன் அறையில் பாட்டொன்றைப் பதிந்து, தானே மிக்ஸ் செய்து (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலந்து), இரவு பதினொரு மணிக்கு நண்பர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறான். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். "சூப்பர் மச்சான்." "எல டா." கைதட்டும் படம் நாலு. அவனும் சந்தோஷமாகப் பாட்டை வெளியிட்டுவிடுகிறான். ஒரு கிழமை கழித்து யாருடையவோ காரில் கேட்கும்போதுதான் தெரிகிறது: பாடகியின் குரல் கிட்டாருக்குப் பின்னால் போய் நிற்கிறது, பாதிச் சொற்கள் காதில் விழவே இல்லை.

அன்றிரவு கேட்டவர்களில் இரண்டு மூன்று பேருக்காவது இது தெரிந்திருக்கும். சொல்லவில்லை. கொழும்பில் தமிழில் பாட்டுச் செய்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒருவரை ஒருவர் தெரியும். நாளைக்கு ஒரு கலியாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் அவனிடமே கிட்டார் வாசிக்கக் கேட்க வேண்டும். மனம் நோகக்கூடாது என்று நல்லதை மட்டும் சொல்லிவிட்டு விலகிவிடுகிறோம். இந்த அன்பால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒருவர் மூன்று வாரம் கண்விழித்துச் செய்த வேலைக்கு நாம் கொடுக்கக்கூடிய மரியாதை, அதை வடிவாகக் கேட்டு, கேட்டதைச் சொல்வதுதான்.

எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான கருத்து சித்தியின் மகளிடமிருந்து வந்தது. அப்போது அவள் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொண்டு, கணக்குக் கொப்பியில் எழுதியபடியே கேட்டாள். பாட்டு முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, 'கரையில்' எண்டதுக்குப் பிறகு அவர் என்ன சொல்றார்? எனக்கு விளங்கேல்ல."

அந்தச் சொல் 'உறங்கும்'. அந்த மிக்ஸை நான் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன், ஒரு தடவைகூட அந்தச் சொல் எனக்குக் கேட்காமல் போகவில்லை. பாட்டு மனப்பாடமாக இருப்பவருக்குக் காதில் விழாததையும் மனம் நிரப்பிக் கொடுத்துவிடும். போய்ப் பார்த்தால், பாடகர் அந்த வரியின் கடைசியில் மூச்சுக் குறைந்து குரலை இறக்கியிருக்கிறார், அதே இடத்தில் கிட்டார் ஓங்கி அடிக்கிறது. அந்த ஒரு சொல்லை 2 டெசிபெல் ஏற்றி, கிட்டாரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவால், அதாவது அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியால், கொஞ்சம் குறைத்தேன். சரியாகிவிட்டது. அவளுக்கு ஈக்யூ என்றால் என்னவென்றே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். கருத்துச் சொல்கிறவர் நோய்க்குறியைச் சொன்னால் போதும். எங்கே, என்ன கேட்டது அல்லது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். மருந்தைத் தேடுவது மிக்ஸ் செய்தவரின் வேலை.

அனுப்புவதற்கு முன்

மிக்ஸ் முடிந்த அதே இரவில் அனுப்ப வேண்டாம். மூன்று மணித்தியாலம் வேலை செய்த காது களைத்திருக்கும். களைத்த காதுக்கு உயர்ந்த அலைவரிசை ஒலிகள் குறைவாகப் படும், நீங்கள் அதைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். காலையில் எழுந்து, கணினித் திரையைப் பார்க்காமல், ஒரே ஒரு தடவை கேளுங்கள். உங்களுக்கே தெரிகிற பிழைகளை முதலில் திருத்துங்கள். தெரிந்த பிழையோடு அனுப்பினால் எல்லோரும் அதையே சொல்வார்கள். தெரியாத பிழைகள் அப்படியே தங்கிவிடும்.

பிறகு கோப்பு. மிக்ஸ் செய்யத் தெரிந்தவருக்கு 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள். மற்றவர்களுக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 தாராளமாகப் போதும். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொக்கியுமென்ட் என்ற வழியால் அனுப்புங்கள், கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் போனில் பதிந்து வொய்ஸ் நோட்டாக அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதைக் கேட்டவர் உங்கள் மிக்ஸைக் கேட்கவில்லை, உங்கள் அறையையும் மின்விசிறியையும்தான் கேட்டார்.

எல்லா ஒலியும் ஒன்றுசேர்ந்து வெளியேறும் மாஸ்டர் ட்ராக்கில், உச்சச் சத்தத்தை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டரைப் போட்டு இறுக்கியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், அல்லது மெதுவாக வையுங்கள். உச்சங்கள் -6 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். இந்தக் கட்டத்தில் சத்தத்துக்குப் பின்னால் ஓட வேண்டாம். ஸ்பொட்டிஃபை வழக்கமான அமைப்பில் எப்படியும் ஒவ்வொரு பாட்டையும் -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை நோக்கிச் சரிப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது.

கோப்பின் பெயரில் பாட்டின் பெயர், மிக்ஸ் எண், திகதி மூன்றும் இருக்கட்டும். "மூன்றாவது மிக்ஸில் பேஸ் நல்லா இருந்தது" என்று ஒருவர் சொன்னால், அது எது என்று நீங்கள் தேட வேண்டி வரக்கூடாது.

பாட்டின் சொற்களை எழுதி உடன் அனுப்பாதீர்கள். தமிழ்ப் பாட்டு கேட்கிறவர்கள் சொல்லுக்காகக் கேட்கிறவர்கள். சொல் கையில் இருந்தால் எனக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடக்கும், கேட்காததும் கேட்டதுபோல இருக்கும்.

கடைசியாகக் கேள்வி. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும், கேள்வி அப்படி. இரண்டே இரண்டு குறிப்பான கேள்வி கேளுங்கள். "எந்த இடத்திலயாவது கவனம் வேற பக்கம் போச்சா?" "விளங்காத சொல் இருந்ததா?" இவை இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லலாம். மிக்ஸ் செய்கிறவரிடம் மூன்றாவதாக ஒன்று கேட்கலாம்: "கிக்கும் பேஸும் ஒன்றை ஒன்று மறைக்குதா?" கிக் என்பது டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய மேளம், பேஸ் என்பது அடி ஒலி.

யாரிடம் கேட்பது

மூன்று பேர் போதும். ஐம்பது பேருள்ள குழுமத்தில் போட்டால் வருவது கைதட்டல்தான், அதைக் கருத்தென்று எடுக்க முடியாது.

ஒருவர் உங்களைவிட இரண்டு மூன்று வருடம் கூட மிக்ஸ் செய்தவர். ஒருவர் வாத்தியம் வாசிப்பவரோ பாடுபவரோ. இன்னொருவர் இசையைப் பற்றி எதுவுமே படிக்காதவர், பாட்டுக் கேட்கப் பிடித்தவர், அவ்வளவுதான். மூன்றாமவரை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் கருத்துக் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்தான் மிக முக்கியம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் கொடுத்துப் பாருங்கள். இலங்கை வானொலியில் ஈழத்து மெல்லிசைப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த காது அது. மத்திய அலையில் மேல் அலைவரிசை அவ்வளவாக வராது, பேஸும் பெரிதாக வராது, குரல்தான் முன்னுக்கு நிற்கும். அப்பா "பாட்டு எங்க, மேளம்தானே கேக்குது" என்று சொன்னால் அவர் இந்தக் காலத்து இசை தெரியாமல் பேசுகிறார் என்று தள்ளிவிடாதீர்கள். குரலைப் பின்னுக்கு வைக்க உங்களுக்கு ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது உண்மை.

இனி நீங்கள் கருத்துச் சொல்கிறவர் என்றால்

ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்டுக் கருத்துச் சொல்ல இருபது நிமிடம் வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால் "நாளைக்குக் கேட்டுட்டுச் சொல்றன்" என்று சொல்லுங்கள். 138 பஸ்ஸில் மகரகம போகும் வழியில் பாதி கேட்டுவிட்டுச் சொல்லும் கருத்தால் இரண்டு பேருக்கும் நட்டம்.

முதல் தடவை நிறுத்தாமல் கேளுங்கள். பேனா வேண்டாம், போனை நோண்ட வேண்டாம். முடிந்ததும் மனதில் என்ன தங்கியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். இந்த முதல் அபிப்பிராயம் ஒரு தடவைதான் கிடைக்கும். இரண்டாம் தடவை கேட்கும்போது காது பழகிவிடும், மூன்றாம் தடவை பிழைகூட அழகாகத் தெரியத் தொடங்கும்.

இரண்டாம் தடவை நிமிடமும் செக்கனும் பார்த்துக் குறித்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் தடவை வேறொரு கருவியில். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விற்கும் சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று இதற்குப் போதும். அவற்றில் பெரும்பாலானவை இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே ஸ்பீக்கரில் தருபவை. செயற்கையாக அகலப்படுத்திய கீபோர்ட்டோ வயலினோ அதில் மெலிந்து போகும், சிலவேளை முழுதாகவே காணாமல் போகும். "இயர்போனில வயலின் இருந்தது, ஸ்பீக்கரில காணேல்ல" என்ற ஒரு வரி, மிக்ஸ் செய்தவருக்குத் தங்கம் மாதிரி.

இங்கே இரண்டு விடயத்தில் காது ஏமாறும். இவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் பிழையான கருத்துகளைத் தவிர்க்கலாம்.

முதலாவது சத்தம். ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி வைத்தாலே அது நல்ல மிக்ஸ்போலத் தோன்றும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933 இல் அளந்து காட்டியதும் இதோடு சம்பந்தப்பட்டதுதான்: மெதுவாகக் கேட்கும்போது மனிதக் காதுக்குப் பேஸ் மிகவும் குறைவாகப் படும், சத்தம் கூடக்கூட அந்த வித்தியாசம் குறையும். இரவு எல்லோரும் படுத்த பிறகு மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டு "பேஸ் காணாது" என்று எழுதினால், குறை மிக்ஸில் இருக்க வேண்டும் என்றில்லை. அதேபோல, வெளிவந்த ஒரு சினிமாப் பாட்டோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால், அந்தப் பாட்டின் சத்தத்தை இந்த மிக்ஸின் அளவுக்கு இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள். மாஸ்டர் செய்த (வெளியீட்டுக்காகக் கடைசியாகச் சத்தமும் தொனியும் சரிசெய்த) பாட்டு உங்கள் நண்பரின் மிக்ஸைவிட 6, 8 டெசிபெல் கூடவே இருக்கலாம். இறக்காமல் ஒப்பிட்டால் எந்த மிக்ஸும் தோற்கும். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பைப் போட்டு அளந்து பார்க்கலாம். இல்லாவிட்டால் குரல் இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்வரை கையால் இறக்கினாலும் சரிதான்.

இரண்டாவது அறை. எங்கள் தொடர்மாடி வீடுகளில் தரை முழுக்க டைல், சுவர் வெறுமை, அறை சின்னது. 11 அடி நீளமான அறை ஒன்றில் 50 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி இரண்டு சுவருக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும். சுவரோரம் இருந்து கேட்டால் பேஸ் பொங்கி வரும், நட்டநடுவில் இருந்து கேட்டால் அதே பேஸ் மறைந்துபோகும். கை தட்டிப் பாருங்கள், டைல் போட்ட வெறும் அறை 'ட்ரிங்' என்று திருப்பித் தரும். அந்த அறையில் கேட்டுவிட்டு "ரிவேர்ப் (எதிரொலி) கூடிப்போச்சு" என்று எழுதாதீர்கள். ஸ்பீக்கரில் சந்தேகம் வந்தால் இயர்போனில் உறுதிப்படுத்துங்கள். எதில் கேட்டீர்கள் என்பதைக் கருத்தோடு சேர்த்து எழுதுங்கள், எப்போதும்.

எழுதும் விதம்

எனக்கு ஒரு நண்பர் அனுப்பிய குறிப்பின் மாதிரி இது. பாட்டு விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

"0:14: பேஸ் வந்ததும் பாட்டுக்கு ஒரு நடை கிடைக்குது. இதை மாத்த வேண்டாம்.
0:48: 'வாசல்' எண்ட சொல்லில 'ச' காதைக் குத்துது. இயர்போனில மட்டும், ஸ்பீக்கரில பரவாயில்லை.
0:52: பின்னுக்கு ஒரு உறுமல். கோச்சி போற சத்தமா?
1:20: பல்லவி திரும்ப வரேக்க பெரிசா வரும் எண்டு எதிர்பார்த்தன். சரணத்தைவிடச் சின்னனாப் போச்சு.
கேட்டது: வயர் இயர்போன், பிறகு சின்ன புளூடூத் ஸ்பீக்கர்."

ஐந்தே வரி. இதில் எங்கேயும் "கம்ப்ரஷரை இப்படி வை", "5 கிலோஹெர்ட்ஸை வெட்டு" என்று இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் என்னை நேராக ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. 0:52 இல் இருந்தது கரையோரப் பாதையில் போகும் ரயில்தான். ஜன்னலை மூடிப் பதிந்திருந்தாலும் கீழ் அலைவரிசை உள்ளே வந்திருக்கிறது. குரல் ட்ராக்கில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் முக்கால்வாசி போய்விட்டது. 1:20 இல் நடந்தது சுவாரசியமானது. பல்லவியில் எல்லா வாத்தியமும் ஒன்றாக வந்ததும் மாஸ்டரில் இருந்த கம்ப்ரஷர் (சத்தம் கூடும்போது தானாக அமுக்கும் கருவி) முழுப் பாட்டையும் அமுக்கிவிட்டது. நண்பர் "பல்லவியைக் கூட்டு" என்று எழுதியிருந்தால் நான் கூட்டியிருப்பேன், கம்ப்ரஷர் இன்னும் அமுக்கியிருக்கும். அவர் கேட்டதை மட்டும் எழுதியதால் நான் காரணத்தைத் தேடினேன். கம்ப்ரஷரைத் தளர்த்தி, சரணத்தை ஒன்றரை டெசிபெல் இறக்கியதும் பல்லவி தானாக எழுந்து நின்றது.

முதல் வரியையும் பாருங்கள். நல்லதைச் சொல்வது மனம் நோகாமல் இருப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எது சரியாக இருக்கிறது என்று தெரியாவிட்டால் அடுத்த திருத்தத்தில் அதையும் சேர்த்துக் கெடுத்துவிடுவோம். அதனால் நல்லதையும் இடம் குறித்துச் சொல்லுங்கள்.

குறைகளை மூன்றுக்கு மேல் சொல்ல வேண்டாம். பதினைந்து குறை கண்டாலும் பெரிய மூன்றை எடுத்துச் சொல்லுங்கள். முதலில் அளவு: எது கூட, எது குறைய. அது சரியாகும்போது சின்னக் குறைகள் பாதி தானாகப் போய்விடும்.

தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்லும்போது "இது பிழை" என்பதைவிட "எனக்கு இங்க இப்படிக் கேட்டது" என்று சொல்லுங்கள். பயத்துக்காகச் சொல்லவில்லை, அதுதான் சரியான வாக்கியம். நீங்கள் ஒரு காது, ஒரு கருவி, ஒரு அறை. வயதில் பெரியவருக்குச் சொல்வதானால், "அண்ணா, ஒரு இடம் சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னால் போதும். யாரும் வேண்டாம் என்று சொன்னதை நான் கண்டதில்லை. எதுவானாலும் தனியாகச் சொல்லுங்கள், குழுமத்தில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். அனுமதி கேட்காமல் வெளிவராத மிக்ஸை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். கொழும்பில் இரண்டு தரம் கைமாறினால் அது ஊர் முழுக்கப் போய்விடும்.

பாட்டு ஏற்கெனவே வெளிவந்துவிட்டது, உங்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்றால் வாழ்த்திவிட்டு விடுங்கள். திருத்த முடியாத நேரத்தில் சொல்லும் குறை வெறும் நோவு.

மிக்ஸின் குறைதானா?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பாடகர் சுருதியில் இல்லை என்றால் அது மிக்ஸின் குறை இல்லை. மைக்கை இரண்டடி தள்ளி வைத்துப் பதிந்ததால் அறைச் சத்தம் வந்திருந்தால் அதுவும் பதிவின் குறை. கிட்டார், ஹார்மோனியம், கீபோர்ட் மூன்றும் ஒரே இடத்தில் ஒரே ஸ்வரக் கூட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தால் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை ஒரே கலங்கலாக இருக்கும். அதை ஈக்யூவால் கழுவ முடியாது, ஒரு வாத்தியத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். கருத்து எழுதும்போது "இது மிக்ஸ்", "இது பதிவு", "இது இசையமைப்பு" என்று முன்னால் ஒரு சொல் போட்டால், அவர் மூன்று இரவு தவறான இடத்தில் மினக்கெட மாட்டார்.

எங்கள் வாத்தியங்களில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. கணினியில் கிடைக்கும் மிருதங்க ஒலியை எடுத்து அப்படியே பாட்டில் ஒட்டிவிடுகிறார்கள். மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) திட்டமான சுருதி உண்டு. நடுவில் அப்பிய கரணை என்ற கறுப்புப் பசையால்தான் அந்தத் தோல் மற்ற மேளங்களைப்போல வெறும் 'டம்' என்று ஒலிக்காமல் ஸ்வரமாக ஒலிக்கிறது. சர் சி. வி. ராமன் இதை ஆராய்ந்து 1920 இலேயே எழுதியிருக்கிறார். பாட்டு 'டி' சுருதியில் இருக்க மிருதங்கம் 'சி ஷார்ப்பில்' ஒலித்தால், மிக்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே ஏதோ உரசிக்கொண்டே இருக்கும். மிக்ஸ் செய்கிறவர் அதை மறைக்க மிருதங்கத்தை இறக்குவார், ரிவேர்ப் போடுவார், ஒன்றும் சரிவராது. வாத்தியம் படித்த ஒருவர் "மிருதங்கம் சுருதி சேரேல்ல" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். இரண்டாவது ஆளாக வாத்தியம் வாசிப்பவர் ஒருவர் வேண்டும் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, பாட்டு எந்த வகை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பைலா தாளத்தில் போகும் பாட்டில் மேளம் முன்னுக்கு நிற்பது குறையல்ல. ரொக் பாட்டில் குரல் கிட்டாரோடு கொஞ்சம் அமிழ்ந்து நிற்பதும் அந்த வகையின் வழக்கம். இராமகிருஷ்ண மண்டபத்திலும் சரஸ்வதி மண்டபத்திலும் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு வீட்டு அறையில் பதிந்த வீணை வறட்சியாகத் தெரியும். சிலருக்கு அந்த வறட்சிதான் வேண்டும். தெரியாவிட்டால் கேளுங்கள்: "எந்தப் பாட்டு மாதிரி வரணும் எண்டு மனசில வச்சிருக்கிறீங்க?"

கருத்து வந்த பிறகு

வாங்குகிறவருக்கான முதல் வேலை, பேசாமல் இருப்பது. "அது நான் வேணுமெண்டுதான் அப்படி வச்சன்" என்று ஒரு தடவை சொன்னீர்கள் என்றால் அடுத்த தடவை அவர் எதுவும் சொல்லமாட்டார். நன்றி சொல்லுங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். விளங்காததை மட்டும் திருப்பிக் கேளுங்கள். "கலங்கலா இருக்கு என்றீங்களே, முழுப் பாட்டுமா, பல்லவி மட்டுமா?" இப்படிக் கேட்டால் அவருக்கும் சந்தோஷம், தான் சொன்னதை எடுத்துக்கொண்டீர்கள் என்று தெரியும்.

அன்றே கணினியைத் திறக்காதீர்கள். மனம் சுடும், அது இயல்பு. சூட்டோடு திருத்தப் போனால் ஒன்றில் எல்லாவற்றையும் மாற்றுவீர்கள், இல்லாவிட்டால் ஒன்றையுமே மாற்றமாட்டீர்கள்.

அடுத்த நாள் மூன்று பேரின் குறிப்புகளையும் நேர வரிசையில் ஒன்றாக எழுதுங்கள். இரண்டு பேர் ஒரே செக்கனைக் குறித்திருந்தால், இருவரும் வெவ்வேறு காரணம் சொல்லியிருந்தாலும், அங்கே ஏதோ இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

ஒருவர் "குரல் சின்னன்" என்றும் மற்றவர் "குரல் கூட" என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம். இரண்டும் சரியாக இருக்கலாம். குரல் ஒரு வரியில் பாய்ந்தும் அடுத்த வரியில் பதுங்கியும் இருந்தால் ஒருவருக்குப் பாய்ந்த இடம் மனதில் நிற்கும், மற்றவருக்குப் பதுங்கிய இடம். ஃபேடரை (முழுக் குரலின் சத்தத்தை மாற்றும் தள்ளுகட்டை) ஏற்றவும் வேண்டாம் இறக்கவும் வேண்டாம். வரி வரியாகப் போய் ஓட்டோமேஷனில், அதாவது இடத்துக்கு இடம் சத்தம் தானாக மாறும்படி கணினியில் குறித்துவைத்து, குரலைச் சமப்படுத்துங்கள். இது அலுப்பான வேலைதான். மூன்றரை நிமிடப் பாட்டுக்கு எனக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். வீட்டில் செய்யும் தமிழ் மிக்ஸ்களை இவ்வளவுக்கு உயர்த்தும் வேலை வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிலர் மருந்தையே எழுதி அனுப்புவார்கள். "குரலுக்கு 3 டெசிபெல் ஏத்துங்க." அதை நோய்க்குறியாக மாற்றி வாசியுங்கள்: இவருக்குக் குரல் போதவில்லை. ஏன் போதவில்லை? சத்தம் குறைவா, கிட்டார் மறைக்கிறதா, ரிவேர்ப் கூடிப் பின்னுக்குப் போய்விட்டதா? மூன்றுக்கும் வேலை வேறு வேறு.

எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் சொன்னது, அவர் சொன்ன கருவியில் நீங்கள் கேட்டும் உங்களுக்குப் படவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் படிக்காமல், கேட்காமல் தள்ளக்கூடாது.

திருத்தியதும்

புதிய மிக்ஸைப் புதிய எண்ணில் சேமியுங்கள், பழையதை அழிக்காதீர்கள். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து மாறி மாறிக் கேளுங்கள். முடிந்தால் எது எது என்று தெரியாதபடி வீட்டில் யாரையாவது மாற்றிப் போடச் சொல்லுங்கள். பழையதே நல்லது என்று பட்டால் கூச்சமில்லாமல் பழையதற்குப் போங்கள்.

பிறகு பஸ்ஸில் ஒரு தடவை. காலி வீதியில் மாலை நேரத்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, போன் ஸ்பீக்கரைக் காதோடு வைத்துக் கேளுங்கள். எஞ்சின் உறுமல் பேஸை விழுங்கிவிடும், போன் ஸ்பீக்கரும் அடி ஒலியைத் தராது. மிஞ்சுவது குரலும், டிரம்ஸில் சுள்ளென்று ஒலிக்கும் ஸ்னேரும்தான். அந்த நிலையிலும் பாட்டு எங்கே போகிறது என்று பின்தொடர முடிந்தால் அளவு சரி.

கருத்துச் சொன்ன மூன்று பேருக்கும் புதிய மிக்ஸை அனுப்புங்கள். கூடவே எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்: "0:48 இல 'ச' இறக்கியிருக்கு, 1:20 பல்லவி இப்ப பாருங்க." மூன்றாவது சுற்றில் குறிப்புகள் "எனக்கெண்டா கிட்டார் இன்னும் கொஞ்சம் வேணும்", "எனக்கு இது காணும்" என்று ருசி பற்றிய பேச்சாக மாறிவிடும். விளங்காத சொல்லும் காதைக் குத்தும் இடமும் அதில் இருக்காது. அப்போது கோப்பை மூடி மாஸ்டருக்கு அனுப்பிவிடலாம்.